துப்பறியும் தொடரில் எங்கிருந்து நுழைவது?

போன மாதம் ஒரு தோழி கேட்டாள். "ஒரு துப்பறியும் தொடரை முழுசாப் படிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆனா ஒரே ஆளைப் பத்தி முப்பது நாப்பது புத்தகம் வரிசையா நிக்குது, எதைக் கையில எடுக்கறதுன்னே தெரியல." பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனது. புதிதாக இந்தப் பக்கம் வரும் வேறு சிலருக்கும் உதவுமே என்று கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. தொடரில் குற்றம் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், கொலையாளி மாறுவார், இறந்தவர் மாறுவார். மாறாமல் நிற்பது அந்தத் துப்பறிவாளர் ஒருவர்தான். மெக்ரே என்ற பாரிஸ் போலீஸ் அதிகாரியை வைத்து ஜார்ஜ் சிம்னோன் எழுதிய தொடரில் 75 நாவல்கள், 28 சிறுகதைகள் இருக்கின்றன, 1931இலிருந்து 1972 வரை வந்தவை. நான் வாசித்த மெக்ரே நாவல்களில் பாதிக்கு மேல் யார் கொன்றது என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் மெக்ரே வாயில் பைப்போடு தன் அலுவலகத்துப் பழைய நிலக்கரி அடுப்பைக் கிளறுவதும், இறந்தவரின் வீட்டில் சும்மா போய் உட்கார்ந்து அந்த வீட்டின் வாசனையும் பேச்சும் தனக்குள் இறங்கும்வரை காத்திருப்பதும் கூடவே இருந்து பார்த்த மாதிரி நினைவிருக்கிறது. புதிர் ஒரு இரவு தூங்கவிடாது, அவ்வளவுதான். எழுபத்தைந்து புத்தகம் வரை இழுத்துக்கொண்டு போவது அந்த ஆள்.

முதல் வேலை: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

பின்னட்டையில் இருக்கும் கதைச் சுருக்கத்தைப் பார்த்துத் தொடரைத் தேர்வு செய்யாதீர்கள். பூட்டிய அறைக்குள் பிணம், ஆற்றில் மிதக்கும் பெட்டி, காணாமல் போன வாரிசு என்று எல்லாப் பின்னட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்குப் பதிலாக முதல் முப்பது பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். தன்னிடம் பொய் சொல்கிற சாட்சியை இவர் எப்படி நடத்துகிறார்? வழக்கு எதுவும் இல்லாத நாளில் இவர் என்ன செய்வார்? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள மனசு துடித்தால் அது உங்களுக்கான தொடர். துடிக்கவில்லையென்றால் எவ்வளவு பேர் புகழ்ந்தாலும் சரி, வேறு ஒருவரைத் தேடுங்கள்.

ஏனென்றால் துப்பறிவாளர்கள் ஒருவரைப் போல ஒருவர் இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வேலை இல்லாத நாள் நரகம், வழக்கு வந்தால்தான் உயிர் வரும். அகதா கிறிஸ்டியின் ஹெர்க்யூல் பொய்ரோவுக்கு ஒழுங்கு வேண்டும், மீசையிலிருந்து மேஜைமேல் இருக்கும் பொருள்வரை. வங்காளத்தில் சரதிந்து பந்தோபாத்யாய் படைத்த பியோம்கேஷ் பக்ஷிக்கு ‘டிடெக்டிவ்’ என்ற சொல்லே பிடிக்காது, தன்னைச் சத்யான்வேஷி, அதாவது உண்மையைத் தேடுபவன், என்று சொல்லிக்கொள்வார். ஒரு வழக்கில் சந்தித்த சத்யவதியைக் கல்யாணம் செய்துகொண்டு, குழந்தை பெற்று, குடும்பஸ்தராக வாழ்ந்தபடியே துப்பறிகிறவர். ஒற்றையாக அலையும் மேதைகளையே வாசித்துச் சலித்தவர்களுக்கு அவர் பெரிய ஆறுதல். ஸ்வீடனின் மார்ட்டின் பெக் வேறு ரகம். அடிக்கடி ஜலதோஷம், வயிற்று வலி, உடைந்துகொண்டிருக்கும் திருமணம், இதற்கு நடுவில் பொறுமையாக வேலை பார்க்கும் போலீஸ் அதிகாரி. தமிழில் சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரிடம் நாம் திரும்பத் திரும்பப் போவதற்கு வழக்கைவிட அந்த இருவருக்கும் இடையில் நடக்கும் பேச்சுதான் காரணம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். சில தொடர்களில் வன்முறையை மிக நெருக்கமாக விவரிப்பார்கள், குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை வரும். சிலவற்றில் கொலை திரைக்குப் பின்னால் நடந்து முடிந்திருக்கும். உங்களால் எது தாங்க முடியும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதைத் தொடங்கும் முன்பே யாரிடமாவது கேட்டுவிடுவது நல்லது.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

ஒன்றாம் எண்ணிலிருந்துதான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். எல்லாத் தொடருக்கும் அது சரிவராது.

ஹோம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4 நாவல்கள், 56 சிறுகதைகள். முதல் நாவல் 1887இல் வந்தது. அதைக் கையில் எடுக்கும் புதியவர் பாதிவரை உற்சாகமாகப் போவார், பிறகு திடீரென்று கதை அமெரிக்கப் பாலைவனத்துக்குத் தாவிவிடும். பல அத்தியாயங்களுக்கு ஹோம்ஸையே காணோம். ‘புத்தகம் மாறி அச்சாகிவிட்டதோ’ என்று நானே பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே விட்டுவிட்டு அப்புறம் ஹோம்ஸ் பக்கமே போகாதவர்களை எனக்குத் தெரியும். அதனால் ஹோம்ஸுக்குப் புதியவர் என்றால் முதல் சிறுகதைத் தொகுப்பில் தொடங்குங்கள். பன்னிரண்டு கதைகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும்.

அந்தச் சிறுகதைகளுக்குப் பின்னால் ஒரு யோசனை இருந்தது. மாதப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினால் ஒரு இதழைத் தவறவிட்ட வாசகர் அத்தோடு கழன்றுவிடுவார். அதே ஆள் எல்லாக் கதையிலும் வரவேண்டும், ஆனால் ஒவ்வொரு கதையும் அதே இதழில் முடிந்துவிட வேண்டும் என்று ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் யோசித்தார். 1891 ஜூலையிலிருந்து ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் அப்படித்தான் வந்தன. இன்று நம்மைத் தூங்கவிடாத அத்தனை துப்பறியும் தொடர்களுக்கும் அடிப்படை இந்த ஏற்பாடுதான். ஒரு கேள்விக்கு விடை கிடைத்த நிறைவும் கிடைக்கிறது, இந்த ஆளை மறுபடி பார்க்க வேண்டும் என்ற ஏக்கமும் மிஞ்சுகிறது.

மார்ட்டின் பெக் தொடருக்கு நேர்மாறான விதி. மாய் ஷோவாலும் அவருடைய வாழ்க்கைத் துணை பெர் வாலூவும் சேர்ந்து எழுதியது, 1965இலிருந்து 1975 வரை பத்தே நாவல்கள், ஒவ்வொன்றிலும் முப்பது அத்தியாயங்கள். பத்தையும் சேர்த்து ஒரே பெரிய நாவலாகத்தான் திட்டமிட்டார்கள். பெக்கின் வீட்டு வாழ்க்கை, சக அதிகாரிகளின் சலிப்பு, அவர்கள் வாழும் நாடு மாறும் விதம் எல்லாமே ஒன்றிலிருந்து பத்துவரை நகர்கின்றன. இதை நடுவில் பிடித்தால் ஒருவரின் திருமணம் முறிந்தது முதலில் தெரிந்துவிடும், முறிந்துகொண்டிருந்த நாட்களைப் பிறகு பார்ப்பீர்கள். அப்படிப் படிக்க வேண்டாம். இயன் ராங்கின் படைத்த எடின்பரோ போலீஸ் அதிகாரி ஜான் ரீபஸும் இந்த வகைதான். 1987இல் வந்த முதல் நாவலிலிருந்து கிட்டத்தட்ட நிஜக் காலத்தோடு வயதாகிக்கொண்டே வந்து, 2007இல் வந்த நாவலில் அறுபது வயதாகி ஓய்வு பெறும் நிலைக்கு வந்து நிற்பார்.

சரி, கையில் இருப்பது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொடரில் நாலாவதோ ஐந்தாவதோ புத்தகத்தின் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் புரட்டுங்கள். பழைய வழக்கு, பழைய காயம், பிரிந்துபோன மனைவி என்று முன்கதை உடனே வந்தால் அது வளரும் தொடர், ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நேராக ஒரு வாடிக்கையாளர் வந்து கதவைத் தட்டினால் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். வரிசையில் படிக்கும்போது புத்தகங்கள் வெளியான வரிசையையே பின்பற்றுங்கள். சில எழுத்தாளர்கள் பிற்காலத்தில் நாயகனின் இளமைக்காலக் கதையை எழுதுவார்கள், அதை முதலில் படித்தால் எழுத்தாளர் உங்களுக்கு ஏற்கனவே தெரியும் என்று நினைத்து எழுதிய பல விஷயங்கள் வெறுமனே கடந்துபோகும்.

அகதா கிறிஸ்டி மட்டும் தனியாகச் சொல்லப்பட வேண்டியவர். பொய்ரோ நாவல்கள் 33, பெரும்பாலும் எந்த வரிசையிலும் படிக்கலாம். ஆனால் இரண்டு கண்ணிவெடிகள் உண்டு. ‘கார்ட்ஸ் ஆன் த டேபிள்’ நாவலில் போகிறபோக்கில் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் வழக்கின் விடையைப் பொய்ரோ சொல்லிவிடுவார். ‘டம்ப் விட்னஸ்’ நாவலில் இன்னும் மோசம், முந்தைய நாவல்கள் சிலவற்றின் கொலையாளிகளை வரிசையாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுவார். ஓரியண்ட் எக்ஸ்பிரஸ், ரோஜர் ஆக்ராய்ட் இரண்டையும் முதலில் படித்து முடித்துவிடுங்கள். அவற்றின் விடையை முன்பே தெரிந்துகொண்டு படிப்பது உண்மையிலேயே பெரிய இழப்பு.

கையில் ஒரு தாள், ஒரு பென்சில்

நடுவில் விட்டுவிடுகிறவர்களில் பலர் கதை பிடிக்காமல் விடுவதில்லை, பெயர்கள் குழம்பி விடுகிறார்கள். பெக்கின் அணியில் கோல்பெர்க், மெலாண்டர், ரோன், லார்சன் என்று நாலைந்து பேர் ஒரே அறையில் பேசுவார்கள், இரண்டு நாள் இடைவெளி விட்டால் யார் யார் என்று மறந்துவிடும். நான் ஒரு தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வேன், அதுவே பக்க அடையாளமும் ஆகிவிடும். பெயர், பக்கத்தில் ஒரே ஒரு அடையாளம்: ‘மெலாண்டர், எதையும் மறக்காதவர்’. சந்தேகப்படும் ஆட்களுக்கும் அப்படியே.

தாளின் பின்பக்கம் கேள்விகளுக்கு. யார் கொன்றிருப்பார் என்ற ஊகத்தை எழுதாதீர்கள், எழுதினால் மனசு அந்த ஊகத்துக்குச் சாதகமானதை மட்டும் பார்க்கத் தொடங்கிவிடும். ‘நாய் ஏன் குரைக்கவில்லை’ என்பது போலக் கேள்வியாக எழுதுங்கள். கடைசியில் விடை வரும்போது அந்தப் பட்டியலில் எத்தனை கேள்விக்குப் பதில் கிடைத்தது என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த எழுத்தாளரை நம்பி அடுத்த புத்தகத்துக்குப் போகலாம்.

துப்பு எங்கே ஒளிந்திருக்கும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஒரு காட்சியை நானே எழுதிக் காட்டுகிறேன்.

துப்பறிவாளர் படிப்பறைக்குள் நுழைகிறார். மேஜையில் பாதியில் நின்ற ஒரு கடிதம், அழகான நெருக்கமான கையெழுத்து. மூடாத பேனா. கவிழ்ந்த நாற்காலி. தரையில் ரத்தம் தோய்ந்த கைக்குட்டை, அதன் மூலையில் ‘ச’ என்று பூத்தையல். வீட்டுக்கார அம்மாள் நாற்காலிக்குப் பக்கத்தில் இறந்து கிடக்கிறார். பணிப்பெண் அழுதுகொண்டே, "சாயங்காலம் மாடியில படிச்சிட்டிருந்தாங்க, கண்ணாடியைக்கூட மாடியிலேயே வெச்சிட்டு இறங்கினாங்க, நான்தான் எடுத்துட்டு வரவான்னு கேட்டேன், வேண்டாம்னாங்க" என்கிறாள்.

நம் கண் எங்கே போகும்? கைக்குட்டைக்கு. ‘ச’ யார், சரோஜாவா, சங்கரனா என்று தேடத் தொடங்கிவிடுவோம். துப்பு இருப்பது பணிப்பெண்ணின் அழுகையில். கண்ணாடி மாடியில் இருந்தால் கீழே உட்கார்ந்து அத்தனை நெருக்கமான கையெழுத்தில் கடிதம் எழுதியது யார்? எழுத்தாளர் எதையும் மறைக்கவில்லை, பளிச்சென்று வேறொன்றைப் பக்கத்தில் வைத்து நம் கவனத்தைத் திருப்பிவிட்டார், அவ்வளவுதான். ஆகவே படிக்கும்போது பளிச்சென்று தெரிவதைத் தாண்டி, சமையல்காரர், ஓட்டுநர், பக்கத்து வீட்டுக் குழந்தை போன்றவர்கள் தங்கள் துக்கத்திலோ கோபத்திலோ சொல்லிவிட்டுப் போகும் சின்ன விவரங்களை ஒருமுறை நின்று படியுங்கள். நீளமான பொருள்பட்டியல் வந்தால் முதலிலும் கடைசியிலும் இருப்பதை விட்டு நடுவில் இருப்பதைப் பாருங்கள்.

இதற்கு விதிகளே வகுத்தவர்கள் உண்டு. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் துப்பறியும் நாவல்கள் எழுதியவர், 1929இல் பத்து விதிகளை எழுதினார். துப்பறிவாளருக்குக் கிடைக்கும் துப்பு எதுவும் வாசகருக்கு மறைக்கப்படக் கூடாது என்பது அதில் ஒன்று. துப்பறிவாளரின் நண்பரின் அறிவு சராசரி வாசகரைவிட மிக மிகக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஹோம்ஸின் நண்பரும் அவர் கதைகளை நமக்குச் சொல்கிறவருமான வாட்சன் ஏன் தேவை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஹோம்ஸின் தலைக்குள் நேரடியாக நுழைந்துவிட்டால் பத்தாவது பக்கத்திலேயே கதை முடிந்துவிடும். வாட்சன் பக்கத்தில் நின்றால் ஹோம்ஸ் பார்ப்பதையெல்லாம் நாமும் பார்க்கிறோம், அவர் நினைப்பது மட்டும் தெரிவதில்லை. அந்த இடைவெளியில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம்.

விடியும்வரை படிக்காமல் இருக்க

இந்தத் தொடர்களில் அத்தியாயம் முடியும் இடத்தில் ஒரு கொக்கி இருக்கும். கதவு திறக்கும், தொலைபேசி ஒலிக்கும், ‘அந்தப் புகைப்படத்தில் இருந்த முகம் அவருக்குத் தெரிந்தது’ என்று நிற்கும். இந்த அத்தியாயம் முடித்துவிட்டுத் தூங்கலாம் என்று முடிவு செய்தால் தூங்கவே மாட்டீர்கள். அத்தியாயத்தின் நடுவில் நிறுத்துங்கள். ஒரு விசாரணை முடிந்து அதிகாரிகள் வண்டியில் திரும்பும் இடம், சாப்பிட உட்காரும் இடம், இப்படி மூச்சு வாங்கும் பக்கம் ஒன்று எல்லா அத்தியாயத்திலும் இருக்கும். பல இரவுகள் மூன்று மணிவரை விழித்திருந்த பிறகு இந்தப் பழக்கத்துக்கு வந்தேன், இப்போது நன்றாக வேலை செய்கிறது.

ஒரே தொடரில் அடுத்தடுத்து ஐந்து புத்தகம் படிக்காதீர்கள். மூன்றாவதிலேயே எழுத்தாளரின் கை பழகிவிடும், ரொம்ப நல்லவராக வருகிறவரைப் பார்த்தாலே சந்தேகம் வரும், புதிரின் சுவை போய்விடும். இரண்டு படித்துவிட்டு வேறு எதையாவது படியுங்கள். திரும்பி வரும்போது பழைய சிநேகிதரைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

ஸ்பாய்லர், அதாவது முடிவை முன்பே போட்டு உடைப்பது, அந்த விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பழைய புத்தகங்களின் புதிய பதிப்பில் முன்னுரை எழுதுகிறவர்கள் எல்லோரும் கதையைப் படித்திருப்பார்கள் என்று நினைத்து முடிவைச் சொல்லிவிடுவதுண்டு, அதனால் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். தேடுபொறியில் பாத்திரத்தின் பெயரைத் தட்டினால் முழுதாகத் தட்டும் முன்பே ‘மரணம்’ என்று அது சேர்த்துக்கொடுக்கும். ஒரு முறை நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் நாற்பதாவது பக்கத்தில் ஒரு பெயரைப் பென்சிலால் வட்டமிட்டு ‘இவன்தான்’ என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் என் தாளை எப்போதும் தனியாக வைத்துக்கொள்கிறேன், புத்தகத்தில் ஒரு கோடு கூடப் போடுவதில்லை. திரைவடிவம் இருந்தால் படித்த பிறகு பாருங்கள்.

சுமாரான புத்தகம் வரும்போது

வரும். இருபது, முப்பது எழுதும் யாருக்கும் எல்லாமே நன்றாக அமையாது. டாயிலுக்கே அலுத்துப்போய் 1893இல் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார், வாசகர்களின் கோபத்தைப் பார்த்து 1901இல் பழைய வழக்கு ஒன்றைச் சொல்வது போல ஒரு நாவல் எழுதினார், 1903இல் உயிரோடே கொண்டுவந்துவிட்டார். ஒரு புத்தகம் ஓடவில்லையென்றால் ஐம்பது பக்கத்தோடு மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்று புத்தகம் தொடர்ந்து ஓடவில்லையென்றால் அந்தத் தொடர் உங்களுக்கில்லை. சின்னச் சின்ன முரண்களுக்காக மட்டும் விட்டுவிடாதீர்கள். வாட்சனுக்குப் போரில் குண்டடி பட்டது முதல் நாவலில் தோளில், அடுத்த நாவலில் காலில். பொய்ரோ 1920இல் வந்த முதல் நாவலிலேயே போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அப்புறம் ஐம்பத்தைந்து வருடம் துப்பறிந்தார். வயதைக் கணக்குப் போட்டால் தலை சுற்றும், போடாதீர்கள்.

நன்றாக இருந்த ஒன்றை மறுபடி படியுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. விடை தெரிந்த பிறகு கொலையாளி வரும் ஒவ்வொரு காட்சியும் வேறு மாதிரி தெரியும், அவர் சொன்ன எந்த வார்த்தை பொய், எந்த வார்த்தை உண்மை என்று தாளில் குறித்துக்கொண்டே போனால் எழுத்தாளரின் திறமை முழுதாகப் பிடிபடும். கிறிஸ்டியிடம் நேரடிப் பொய் எவ்வளவு குறைவு என்று பார்த்து நான் அசந்துபோனேன்.

பொய்ரோவின் கடைசி நாவல் ‘கர்ட்டன்’. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதி, பல வருடம் வெளியிடாமல் பூட்டி வைத்து, 1975இல்தான் கிறிஸ்டி வெளியிட்டார். அந்த ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் தன் முதல் பக்கத்தில் பொய்ரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது, கதையில் மட்டும் வாழ்ந்த ஒருவருக்கு. பொய்ரோவைத் தேர்ந்தெடுத்தீர்களென்றால் இதை எல்லாவற்றுக்கும் கடைசியாக வையுங்கள், பத்தோ பதினைந்தோ நாவல் படிக்காமல் தொடவே தொடாதீர்கள். தொடுவதற்கு முந்தின வாரம், 1920இல் வந்த முதல் நாவலை எடுத்து மறுபடி ஒருமுறை படித்துவிடுங்கள். கடைசி வழக்கு நடப்பதும் அதே ஸ்டைல்ஸ் வீட்டில்தான், பக்கத்தில் இருப்பதும் பொய்ரோவின் அதே நண்பர் ஹேஸ்டிங்ஸ்தான்.